பாஸ்போர்ட்டில் ஏலக்காய் வாசம்

பொன்னுமணியின் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் மகாராணி மேடத்துக்கு மூன்று தும்மல் வந்தது. முதல் தும்மலுக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவதுக்குக் கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவதும் முடிந்த பிறகு பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கி மேசை ஓரத்தில் வைத்து, "இது என்ன வாசனை?" என்று கேட்டார்.

"ஏலக்காய்ங்க" என்றாள் பொன்னுமணி. மேடத்துக்கு வாசம் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது என்று நினைத்து, முந்தானையில் முடிந்திருந்த நாலு காயை எடுத்து நீட்டவும் செய்தாள். அது அவள் செய்த இரண்டாவது தப்பு.

முதல் தப்பு அவள் ஒருத்தி செய்ததல்ல. போடிப் பக்கம் ஏலக்காயில் சோலி பார்க்கிற குடும்பம் எல்லாம் செய்வதுதான். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளையின் மார்க் சீட்டு எதுவானாலும் ஏலக்காய் மூட்டைக்குள் வைத்துவிடுவார்கள். காய் விற்றுப்போன மூட்டைதான். அடியில் கொஞ்சம் தூசி கிடக்கும். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் உறை இருப்பதால் ஈரம் ஏறாது, பூச்சி அண்டாது. பொன்னுமணியின் ஊரான சிலமலையில் யாராவது கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் பாயசம் ஞாபகத்துக்கு வரும். பாஸ்போர்ட் வந்த அன்றைக்கே பொன்னுமணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூட்டைக்குள் வைத்தாள். எட்டு மாசம் அது அங்கே ஊறியது.

பொன்னுமணிக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருஷமாக விடிவதற்குள் சுருளியின் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் இருக்கிற ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறவள். ஏலக்காய் மரத்து உச்சியில் காய்ப்பதல்ல. செடியின் காலடியில் மண்ணோடு மண்ணாகச் சரம் விடும். குத்தவைத்துத்தான் பறிக்க வேண்டும். உள்ளே விதை கறுத்திருக்கணும், மேலே தோல் பச்சை மாறியிருக்கக் கூடாது. முந்திப் பறித்தால் சுருங்கும், பிந்திப் பறித்தால் உலர்த்துகிறபோது வெடிக்கும். அந்தப் பதத்தைக் கட்டைவிரலால் அமுக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் பொன்னுமணியிடம் தொழில் படிக்காத பெண் கிடையாது. ஆனால் ஒருத்தியும் அவளை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. "யக்கா, தள்ளி உக்காரு" என்றுதான் சொல்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம், கடல் கடந்த ஒரு தீவு நாட்டிலிருந்து பத்துப் பெண்களைத் தோட்டம் பார்க்கக் கூட்டிவந்தது. நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் ஒரு நாள் அங்கே போகவேண்டி வரலாம். வந்தவர்களில் ஜைனபு என்று ஒருத்தி. தோட்டத்து மேனேஜர் அரை மணி நேரம் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றவள், பேச்சு முடிந்ததும் நேராக வந்து பொன்னுமணி பக்கத்தில் குத்தவைத்து அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கிளம்பும்போது, "டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுமணி பின்னால் திரும்பிப் பார்த்தாள், யாரைச் சொல்கிறாள் என்று.

அந்தப் பெண்கள் ஊருக்குப் போய் ஏலச்செடி நட்டார்கள். முப்பது பேர் சேர்ந்த சங்கம். இந்த வருஷம் ஆடியில் முதல் காய். பதம் தெரியாமல் பறித்து வெடித்துப்போனால் வியாபாரி வாங்க மாட்டான். வீட்டு ஆண்கள் செடியைப் பிடுங்கிவிட்டுக் கிராம்பு வைப்பார்கள். ஆகவே தொண்டு நிறுவனம் பொன்னுமணிக்குக் கடிதம் எழுதியது: ஆறு மாசம் வந்து இருந்து சொல்லிக்கொடுங்கள், டிக்கெட்டும் சாப்பாடும் தங்க இடமும் எங்கள் பொறுப்பு, சம்பளம் கிடையாது.

"சம்பளமில்லாமயா?" என்றான் புருஷன் மொக்கச்சாமி.

"ஆமா."

"அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்? அந்தச் சோலிய இங்க நம்ம வீட்டுலயே பாத்துக்கிட்டுத்தான இருக்க?"

தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியாது. பொன்னுமணிக்குத் தெரிந்தது. அன்றைக்கே போகிறது என்று முடிவு செய்துவிட்டாள். ஆடிக்குள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பங்குனியிலேயே விசாவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. நாலு மாசம் கிடக்கிறதே, போதாதா என்று எல்லோரும் நினைத்தார்கள். பாவம், யாருக்கும் அனுபவம் போதாது.

இப்போது மதுரையில், மகாராணி மேடம் உட்கார்ந்திருக்கிற அந்த மூன்றாவது மாடிக்கு வருவோம். அது விசா சேவை மையம். சுவரில் 'புன்னகையுடன் காத்திருங்கள்' என்று எழுதியிருந்தது; கீழே படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கங்க" என்றார் மகாராணி மேடம். "நாங்க விசா குடுக்கறதில்லை. குடுக்கறது தூதரகம். அவங்க கிட்ட நீங்க போறதுக்கு முன்னாடியே உங்களை நிறுத்தி, அவங்க நேரத்தை மிச்சப்படுத்தறதுதான் எங்க சேவை. போன வருஷம் சிறந்த மையம்னு கேடயம் வாங்கியிருக்கோம். முதல் தடவையிலேயே சரியா இருக்குன்னு ஒரு விண்ணப்பத்தைக்கூட நாங்க விட்டதில்லை."

"எங்கிட்ட என்னங்க சரியில்ல?"

மேடம் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, விரல் வைத்து வாசித்தார். தாவரப் பொருள் கலந்த எதுவும் அந்த நாட்டு எல்லைக்குள் போக வேண்டுமானால் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். பாஸ்போர்ட் நாட்டுக்குள் போகும். அதில் ஏலக்காய் கலந்திருக்கிறது. ஆதாரம், மூன்று தும்மல்.

"வாசம்தானங்க? வெயில்ல ரெண்டு நா காயப் போட்டாப் போயிரும்."

"வாசனையைக் காயப்போட எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் மேடம். நீட்டிய நாலு காயையும் தனியாக ஒரு கவரில் போட்டு 'ஆதாரம் இரண்டு' என்று எழுதினார். பாஸ்போர்ட்டைக் கண்ணாடிப் பையில் போட்டு, வாயை அரக்கு வைத்து மூடி, முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். "பிரிச்சீங்கன்னா செல்லாது."

தாவரச் சுகாதார அலுவலகம் துறைமுகத்து ஊரில் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே இருந்த அதிகாரி பூதக்கண்ணாடியோடு எழுந்து நின்றே வரவேற்றார். "இருபது வருஷமா மிளகாயும் மஞ்சளுமாப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சும்மா. பாஸ்போர்ட் இதான் முதல் தடவை" என்றவர், பையைப் பார்த்ததும் முகம் சுண்டினார். "பிரிக்காம எப்படிச் சோதிக்கிறது?"

"பிரிச்சா செல்லாதுங்களாம்."

"சோதிக்காட்டி சான்று கிடையாதே."

இரண்டு பேரும் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு அதிகாரிக்குத்தான் வழி தோன்றியது. பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று அவள் பையில் இருந்தது. கெஜட்டட் அதிகாரி கையெழுத்துப் போட்ட நகல் அசலுக்குச் சமம் என்று அரசாணையே இருக்கிறது. ஆகவே நகலைச் சோதிக்கலாம். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. ஆனால் முளைக்குமா முளைக்காதா?

"காகிதம் எப்படிங்க முளைக்கும்?"

"எனக்கும் தெரியும்மா. ஆனா ஃபாரத்துல முளைக்காதுன்னு எழுதற இடத்துல, 'சோதித்த பின்'னு அச்சடிச்சிருக்கே."

நகலை ஈர மணலில் புதைத்து இருபத்தொரு நாள் வைத்தார்கள். தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தார்கள். மலையில் சரம் சரமாகப் பறித்துக்கொண்டே பொன்னுமணி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் போடுவாள். "ஐயா, முளைச்சிருச்சுங்களா?" "இன்னும் இல்லம்மா, தைரியமா இருங்க." அவளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். முளைத்தால் அதில் குட்டிப் பாஸ்போர்ட் காய்க்குமா என்று ஒருத்தி கேட்டாள். பொன்னுமணிக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரை முடிந்து வைகாசி பிறந்திருந்தது.

இருபத்திரண்டாம் நாள் சான்று வந்தது: 'பொன்னுமணி, க/பெ மொக்கச்சாமி. களை விதை இல்லை. முளைக்கும் தன்மையற்றது.'

அதை வாங்கி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, மகாராணி மேடம் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். எடுத்ததும் அடுத்த சிக்கல் கிளம்பியது.

விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்தவர் போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் நெட் சென்டர் வைத்திருக்கிற ஜெகதீஷ். ஒரு தடவை மாலத்தீவுக்குப் போய் மூன்றாம் நாளே திரும்பி வந்தவர். அதனால் வெளிநாட்டு விஷயம் என்றால் போடிக்கே அவர்தான் பெரிய மனுஷர். மாதச் சம்பளம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. சைபர் போட்டாலும் ஏற்கவில்லை. "ஒண்ணுன்னு போடுவோம்க்கா, ஒண்ணுல என்ன வந்துரப்போகுது" என்று போட்டுவிட்டார்.

"ஒண்ணு சம்பளமா?" என்றார் மேடம். "அப்ப இது வேலை விசாவுல்ல?"

"இல்லைங்க மேடம், சம்பளமே கெடையாது. தொண்டு."

"சம்பளம் இல்லாம ஒருத்தர் எதுக்குப் போகணும்?"

"சொல்லிக்குடுக்கங்க. ஆடியில அவங்களுக்குக் காய் வந்துரும். வெரசாப் போகணும் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இத பாருங்கம்மா, நானும் தொண்டு மனப்பான்மையோடதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அதுக்காகச் சம்பளம் வாங்காம இருக்கேனா? சம்பளம் வாங்கிட்டு வேலை செய்யாதவங்களை நான் தினமும் பாக்கறேன், அது இயற்கை. வாங்காம வேலை செய்யறேன்னா அதுல ஏதோ உள்நோக்கம் இருக்கு. நீங்க அங்கேயே தங்கிடப் பாக்கறீங்க."

பக்கத்து நாற்காலிக்காரர் தலையை ஆட்டினார். அன்றைக்கு அந்த மாடியில் உள்நோக்கம் இல்லாத ஒரே ஆள் பொன்னுமணிதான்; அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். வீட்டுப் பத்திரம் கொடுத்தாள். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அது பாதி ஆதாரம்தான் என்றார்கள். மாட்டோடு நின்று எடுத்த போட்டோ கொடுத்தாள். மாட்டின் கையெழுத்து இல்லை என்று சொல்லாத குறை. கடைசியில் ஜீப்பு ஓட்டுகிற சுருளிதான் உதவிக்கு வந்தான். ஒரு முறை ஒரு பெண்ணை மலையில் மறந்து விட்டுவிட்டு வந்து ஊரில் அடி வாங்கிய நாளிலிருந்து, ஏறுகிற ஆளையும் இறங்குகிற ஆளையும் நோட்டில் குறித்து வைக்கிறவன் அவன்.

"இந்தாங்க மதினி, பதினாறு வருஷத்து நோட்டு. நீங்க போனதும் இருக்கு, வந்ததும் இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமாம் அவுகளுக்கு?"

நோட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மதுரை போகும்போது பொன்னுமணிக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மகாராணி மேடம் அதை மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். நாலாம் நாள் போன் வந்தது.

"போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில ஒரு நாள். ஏறினது இருக்கு. இறங்கினது இல்லை."

"அன்னைக்கு மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுப்போச்சு மேடம். தோட்டத்து லைன் வீட்டுல படுத்திருந்துட்டு மறுநா காலையில வந்துட்டேன்."

"அதாவது, சந்தர்ப்பம் கிடைச்சா நீங்க திரும்பாம இருக்கக்கூடியவங்க." மேடத்தின் குரலில் ஒரு நிறைவு தெரிந்தது. "இன்னொண்ணு. தோட்டம் இருக்கிறது கேரளா. அப்ப பதினாறு வருஷமா தினமும் தமிழ்நாட்டை விட்டு வெளியேறியிருக்கீங்க. 'இதற்கு முன் வெளியேறிய அனுபவம் உண்டா'ங்கிற இடத்துல இல்லைன்னு போட்டிருக்கீங்களே?"

மண் சரிந்ததற்கு அத்தாட்சி கேட்டு அவள் ரோடு ஆபீசுக்கு நடந்தாள். மலை ரோட்டைப் பார்த்துக்கொள்கிற அந்த ஆபீசில் எல்லோருக்கும் அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. மண்ணை அள்ளியவரே அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் சரிந்தது என்று எழுதிக்கொடுத்தால் ரோடு சரியில்லை என்று ஆகிவிடுமாம். ஒன்பது நாள் யோசித்து எழுதிக்கொடுத்தார்கள்: 'மேற்படி நாளில் மேற்படி மண் தானாகவே இடம் மாறி ரோட்டுக்கு வந்தது. ரோடு இருந்த இடத்திலேயே இருந்தது.'

அதை மேடம் ஏற்றுக்கொண்டார். ஒருத்தருக்கொருத்தர் பாஷை புரிகிறவர்கள். அடுத்ததாக, புருஷன் எழுதிய உறுதிமொழி வேண்டும் என்றார்.

ஜெகதீஷ் முத்திரைத்தாளில் தயார் செய்து, மொக்கச்சாமியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். "என் மனைவி இல்லாமல் என்னால் ஒரு வேளை சோறுகூடப் பொங்க இயலாது. அவர் திரும்பி வராவிட்டால் என் நிலை பரிதாபத்துக்குரியது."

"ஏப்பா, நான் என்ன கையில்லாதவனா?" என்று மொக்கச்சாமி எகிறினான். "ஊருல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவான்?"

"பொங்குவீங்களாண்ணே?"

மொக்கச்சாமி எழுந்தான். கடைக்கு வெளியே போய் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவளிடம் வந்து, தொழுவத்துக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். "ஏ, பொன்னு. வந்துருவேல்ல?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபத்திமூணு வருஷமா இல்லாத கேள்வி இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

"இல்ல, படிச்சவக இம்புட்டுப் பேரு திரும்பத் திரும்பக் கேக்குறாக. அப்ப என்னமோ இருக்கும் போலன்னு தோணுதுடி."

வாளியை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பவர்கள் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். இவனுக்கு என்ன வந்தது? அழுகையாக வந்தது அவளுக்கு. அப்படியே அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

ஆனி கடைசியில் நேர்காணல். மையத்தின் உள்ளறையில் பெரிய திரை; திரையில் தூதரக அதிகாரி, அவருக்குப் பின்னால் கொடி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு ஆள். அதிகாரி கேள்வி கேட்குமுன் ஒரு சிறிய உரை ஆற்றினார்.

"எங்கள் நாடு மிகவும் அழகானது. ஆகவே வருகிற எவரும் திரும்பிப் போக மாட்டார் என்பது எங்கள் அரசின் கொள்கை. திரும்ப மாட்டார் என்பதால் நாங்கள் பெரும்பாலும் யாரையும் விடுவதில்லை. யாரையும் விடாததால் இதுவரை ஒருவர்கூடத் திரும்பாமல் இருந்ததில்லை. கொள்கை முழு வெற்றி." மகாராணி மேடம் கை தட்டினார். "இப்போது சொல்லுங்கள். நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள்?"

இந்த மூன்று மாசத்தில் பொன்னுமணிக்கு இது மனப்பாடம். மூச்சு விடாமல் சொன்னாள். நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கணும், அது அவள்தான். மாட்டைக் கறந்துவிட்டு ஜீப்புக்கு ஓடணும். பதினெட்டுப் பேர் ஏறுகிற ஜீப்பில் ஒற்றைக் காலை வெளியே தொங்கவிட்டபடி மலை ஏறணும். நாள் முழுக்கக் குத்தவைத்துப் பறிக்கணும். அட்டை கடிக்கும், மழை பெய்தால் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பறிக்கணும். இடுப்பு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால் ராத்திரிச் சோறு பொங்கணும். பாத்திரம் அவள்தான், துணி அவள்தான். மேற்கே ஓடு ஒழுகுகிறது, அதைப் பார்க்கணும். மாமனாருக்கு மருந்து கொடுக்கணும். இதையெல்லாம் அவள் வராவிட்டால் யார் பார்ப்பார்கள்?

தமிழ் ஆள் சொல்லி முடிக்க நேரமானது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரே ஒரு வரி பேசினார். தமிழ் ஆள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"நானாக இருந்தால் திரும்பி வர மாட்டேன் என்கிறார்."

விண்ணப்பம் மறுபரிசீலனைக்குப் போயிற்று. பொன்னுமணி பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போடி வருகிற வரைக்கும் அந்த வரியையே யோசித்தாள். அந்த மாடியில் அவள் கேட்டதிலேயே கொஞ்சம் உண்மையான பேச்சு அதுதான். அதற்கு முன்னால் அப்படி ஒரு யோசனை அவளுக்கு வந்ததே இல்லை.

ஆடி வந்தது. ஜைனபுவிடமிருந்து வீடியோ அழைப்பு. அவள் அவளுடைய பாஷையில் பேசுவாள். செல்போன் அதைத் தமிழாக்கிச் சொல்லும், பாதி தப்பாக. அன்றைக்குத் தமிழ் தேவைப்படவில்லை. தட்டைக் காட்டினாள். உலர்த்திய காய் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு, வெளுத்துக் கிடந்தது.

"டீச்சர், நீங்கள் எங்கே?" என்றது செல்போன்.

பொன்னுமணி தட்டில் கிடந்த காயையே பார்த்தாள். தன் பாஸ்போர்ட் முளைக்காது என்று நிரூபித்துக்கொண்டிருந்த கதையை எந்தச் செல்போன் மொழிபெயர்க்கும்? வியாபாரி வாங்கவில்லையாம். ஆண்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்களாம். ஜைனபு சண்டை போட்டு இன்னும் ஒரே ஒரு தடவை காய் எடுப்பதற்குத் தவணை வாங்கியிருந்தாள். நாற்பது நாளில் அடுத்த காய். அதுவும் வெடித்தால் கிராம்புதான்.

அந்த நாற்பது நாள் பொன்னுமணி பொன்னுமணியாக இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. செல்போனில் கட்டைவிரலைக் காட்டிச் சொல்லிப் பார்த்தாள். அமுக்கம் போனில் போகவில்லை. அவள் கூடையிலேயே பிஞ்சு விழ ஆரம்பித்தது. "யக்காவுக்கு விசாக் கிறுக்கு" என்று பெண்கள் கேலி செய்தார்கள். தினமும் மையத்துக்குப் போன் போட்டாள். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளதா என்று பரிசீலித்து வருகிறோம்" என்றார்கள். பதினைந்தாம் நாள், இருபதாம் நாள், முப்பதாம் நாள். சுருளி நோட்டில் அவளை ஒரே நாளில் இரண்டு தடவை ஏற்றிவிட்டான், அவள் ஜீப்பில் ஏறி, எதையோ மறந்தவள்போல் இறங்கி, மறுபடி ஏறியதால்.

முப்பத்தாறாம் நாள் விசா வந்துவிட்டது என்று செய்தி வந்தது. பறித்த கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு மதுரைக்கு ஓடினாள்.

மகாராணி மேடம் எழுந்து நின்று கை கொடுத்தார். பாஸ்போர்ட்டை விரித்து, ஒட்டியிருந்த தாளைப் படித்துக் காட்டினார். சம்பளம் இல்லாததால் இது வேலை அல்ல. படிக்கப் போகாததால் கல்வி அல்ல. ஆகவே சுற்றுலா விசா. "நிபந்தனை: வருபவர் சம்பளத்தோடோ சம்பளமின்றியோ எவ்வேலையும் செய்யலாகாது. எவருக்கும் எதையும் சொல்லாலோ செயலாலோ கற்பிக்கலாகாது."

"அப்ப நான் எதுக்குங்க போறேன்?"

"சுத்திப் பாக்க. கடற்கரை ரொம்ப நல்லா இருக்குமாம்."

"மேடம், நான் சொல்லிக்குடுக்கத்தான போறேன்! அதுக்குத்தான இம்புட்டும்!"

"மாத்தணும்னா தாராளமா மாத்தலாம்மா" என்றார் மேடம் கனிவாக. "புதுசா விண்ணப்பம் போடுங்க. பாஸ்போர்ட்டை மறுபடி மோந்து பாக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

பொன்னுமணி பாஸ்போர்ட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு நாள்கூட எதையும் சுற்றிப் பார்த்திராதவள், மூன்றாம் நாள் சுற்றுலாப் பயணியாக விமானம் ஏறினாள். மொக்கச்சாமி விமான நிலையம் வரை வந்து, சோறு பொங்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகவும் ஆனால் அதை மகாராணி மேடத்திடம் சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னான். அவளுக்கு அன்றைக்குத்தான் அவன் மேல் இருந்த கோபம் ஆறியது.

தீவில் முப்பது பெண்களும் செடிக்கடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார். சுற்றுலாப் பயணி ஒழுங்காகச் சுற்றிப் பார்க்கிறாளா என்று கவனிக்க வந்தவர். நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பொன்னுமணி ஜைனபுவுக்கு எதிரே குத்தவைத்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள். ஜைனபு ஒரு காயை அமுக்கினாள். பறிக்கப் போனாள்.

"ச்சு" என்று உச்சுக் கொட்டினாள் பொன்னுமணி.

ஜைனபு கையை எடுத்தாள். பக்கத்துக் காய். "ச்சு." அதற்குக் கீழே இருந்தது. சத்தம் வரவில்லை. ஜைனபு அதை மறுபடி அமுக்கிப் பார்த்து, விரலில் அந்த அமுக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பறித்தாள்.

அதிகாரி நோட்டைத் திறந்து, என்ன சத்தம் என்று கேட்டார். "அவர்கள் ஊரில் இயற்கை அழகை ரசிப்பது அப்படித்தான்" என்றாள் ஜைனபு. அவர் விசாத் தாளை மேலும் கீழும் படித்தார். உச்சுக் கொட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 'பயணி ரசிக்கிறார்' என்று குறித்துக்கொண்டார்.

அன்றைக்குப் பூராவும் பொன்னுமணி வரிசை வரிசையாகப் போய் ரசித்தாள். நாக்கு வறண்டுபோயிற்று. மத்தியானத்துக்குள் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். ராத்திரி உலர்த்துகிற கொட்டகையில் அடுப்புக்கு ஒருத்தி கூடுதலாக விறகு தள்ளியபோது முப்பது பேரும் சேர்ந்து கொட்டினார்கள்; தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி எழுந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தட்டை வெளியே இழுத்தார்கள். மண்வெட்டிக்காரர்களும் வந்து நின்றார்கள். ஜைனபு சூட்டோடு ஒரு கை அள்ளி, பொன்னுமணி முன்னால் விரித்தாள். பச்சை. வெடிக்காத, மூடிய வாய்ப் பச்சை. பொன்னுமணி ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பார்த்தாள். முப்பது பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுமணி உச்சுக் கொட்டவில்லை.